கிட்டார் பெட்டியில் பூசணிக்காய்

பூசணிக்காயைப் பற்றி இத்தனை பேர் விசாரிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு வாரமாகக் கடைக்குப் போனாலும் அதே கேள்வி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே கேள்வி. சரி, சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நாம் விட்டுவந்த இடம் குருவிமலைத் தோட்டத்து மேல் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம். அன்று மாதாவின் தாயான புனித அன்னம்மாள் கோயில் திருவிழா. முதல்நாள் கொழும்பிலிருந்து வந்திருந்த ரொஷான் காலையில் எழுந்து, மாலைக் கச்சேரிக்குத் தந்திகளைச் சரிபார்க்கலாம் என்று கிட்டார் பெட்டியைத் திறந்தான். உள்ளே அம்மாவின் பழைய சேலை. சேலைக்குள் கொழுத்த பூசணிக்காய் ஒன்று.

“அம்மா!”

அவன் போட்ட கூச்சலில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறின. அம்மா வரவில்லை. தங்கை ஜெசிந்தினிதான் தலையில் பூவும் கையில் சீப்புமாக ஓடிவந்தாள். ஹாலிஎலயில் பாலர் பாடசாலை டீச்சர் அவள். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் அண்ணனையும் அதட்டினாள்.

“எதுக்குண்ணே இப்படிக் கத்துற? பெட்டி லேசா இருந்தா எழுந்த ஒடனே நீ கண்டுபிடிச்சிருவேன்னு அம்மாதான் கனமா எதையாச்சும் வைக்கச் சொன்னாங்க. பூசணிக்காய் என்னோட யோசனை. அவங்க அம்மிக்குழவியத்தான் தூக்கிட்டு வந்தாங்க. பெட்டி ஒடஞ்சிருமேன்னு நான்தான் மாத்தினேன்.”

“கிட்டார் எங்கடி?”

ஜெசிந்தினி சீப்பைப் பார்த்தாள். “கோயில்ல. அம்மா நேர்த்தி வச்சிருந்தாங்களாம்.”

வாசற்படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஸரூக்குக்குப் புரையேறியது. ரொஷானின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் அவன். வேன் அவனுடையதுதான். “மச்சான், பூசணிக்காய வச்சு எப்பிடிடா வாசிக்கிறது?” என்றான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரொஷான் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்து, பதுளைக் கல்யாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசித்து, கொழும்பு ஹோட்டல்களில் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணியாக வாசித்து, கடைசியில் தனக்கென்று ஒரு வாசிப்பைக் கண்டுபிடித்தவன். ஜாஸ் ஃபியூஷன் என்கிறார்கள். அவன் அம்மா றீட்டா அதைப் பக்கத்து வீட்டுக்கு இப்படித்தான் விளக்குவார்: “பாட்டு மாதிரித்தான் தொடங்கும். நடுவுல வழி தவறி எங்கயோ போயிரும். நாம பயந்துகிட்டு இருக்கிறப்போ வீட்டுக்கு வந்து சேந்துரும்.” எந்த விமர்சகரும் இதைவிட நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் கிட்டாரும் சாதாரணக் கிட்டார் இல்லை. பழசாக வாங்கியபோதே அதன் பின்பலகை பிளந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினை ஓட்டிய அப்பா இராயப்பன்தான் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை வெட்டி அதில் ஒட்டிக்கொடுத்தார். தோட்டத்தின் பெயர் இன்றும் அதில் கறுப்பு மையில் பாதி தெரியும். வாசிக்கும்போது ரொஷான் அந்தப் பலகையை விரல் முட்டியால் தட்டுவான். கொழும்பில் அவனைத் தேடி வருகிறவர்கள் அந்தத் தட்டலைக் கேட்கத்தான் வருகிறார்கள். வேறு கிட்டாரில் அது வராது. அவனே மூன்று கிட்டாரில் முயன்று பார்த்து விட்டுவிட்டான்.

அன்று மாலை, சுற்றுலாப் பயணிகள் கூடும் எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கச்சேரி. அதைக் கேட்கவென்றே நோர்வேயிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அங்கே பெரிய இசை விழா நடத்துகிறவர். பிடித்துப்போனால் ரொஷானின் குழு கடல் தாண்டும். பிடிக்காவிட்டால் மறுபடி ஹோட்டல், மறுபடி கட்லட் மணம்.

முப்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு நாள்தான் வரும். அந்த நாளில் அவன் பெட்டியில் பூசணிக்காய்.

*

கோயில் மேட்டின் மேல் இருக்கிறது. ரொஷான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குப்பாதையில் ஓடினான். காணிக்கை மேசைக்குப் பக்கத்தில் றீட்டா நின்றிருந்தார். மேசையில் பலாப்பழங்கள், ஒரு கூடை அவரைக்காய், கால் கட்டிய சேவல், அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட கிட்டார்.

“என்னம்மா வேலை இது?”

“சத்தம் போடாதடா. சாமி பாக்குது.” றீட்டா மகனைத் தள்ளிக்கொண்டுபோய் மதிலோரம் நிறுத்தினார். “ஒன் வெரலு ரோலர்ல மாட்டிச்சே, பதுளை ஆஸ்பத்திரியில மோதிர வெரல எடுக்கணும்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?”

இல்லாமலா? பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துவிட்டுச் சும்மா இருந்தவனை அப்பாதான் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். மூன்றாம் நம்பர் ரோலர் இடது கையைப் பிடித்தது. எட்டு வருஷம் ஆகிறது.

“அன்னைக்கு ராத்திரி அன்னம்மாகிட்ட சொன்னேன். வெரலக் குடு தாயே, கிட்டார ஒனக்கே குடுத்துர்றேன்னு. குடுத்துட்டா. நான்தான் அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிகிட்டே இருந்தேன். நீ அத வச்சுத்தான தங்கச்சியப் படிக்க வச்ச? எப்படிடா புடுங்குவேன்?”

“இப்ப மட்டும் எப்படிப் புடுங்கின?”

“இப்ப நீ வெளிநாடு போகப்போறியே. கடன வச்சிகிட்டுக் கடல் தாண்டக் கூடாது.” றீட்டாவின் கண் கலங்கியது. “அந்தப் பனியில ஒன் வெரலுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்.”

ரொஷானுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினான்.

இங்கே குருவிமலைக் கோயில் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நேர்ந்துகொண்ட பொருள் பூசைக்குப் பிறகு ஏலத்துக்கு வரும். சேவலானாலும் சரி, பிள்ளையானாலும் சரி. ஆமாம், நோயில் தப்பிய பிள்ளையைக்கூட அன்னம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, ஏலத்தில் மீட்டு எடுப்பார்கள். ஆனால் கொடுத்த குடும்பம் வாய் திறந்து கேட்கக் கூடாது. வேறு ஆளை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம், அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். எந்த ஆள் என்பது மட்டும் வெளியே வரக் கூடாது. வந்துவிட்டால் அந்தப் பொருள் அடுத்த திருவிழா வரைக்கும் கோயிலை விட்டு நகராது.

“யாரையாச்சும் சொல்லி வச்சிருக்கியா?” என்று ரொஷான் மெதுவாகக் கேட்டான்.

“எங்கிட்ட கேக்காத. அன்னம்மா பாத்துக்குவா.”

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். றீட்டா முந்தாநாளே ஹாலிஎல கடைவீதியில் கடை வைத்திருக்கும் அலவியிடம் சொல்லி வைத்துவிட்டார். “என்ன விலை போனாலும் விடாதீங்க நானா.” அலவியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ரொஷானுக்கு அது தெரியாது. அவன் போய் ஸரூக்கின் தோளைப் பிடித்தான். “மச்சான், நீதான் ஏலத்துல கேக்கணும். யார் கேட்டாலும் விடாத.”

இன்னொருவரும் இருக்கிறார். கோயில் வாசலில், பவனிக்கு அன்னம்மாள் சொரூபக் கூட்டைத் தூக்கத் தோளில் துண்டை மடித்துப் போட்டு நின்ற இராயப்பன், அவரை மறந்துவிட்டோம். அந்த மனிதர் எட்டு வருஷமாக மகன் வாசிப்பதைக் கேட்டதே இல்லை. ரேடியோவில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பிடிக்காமல் இல்லை. அந்த விரல் நினைவுக்கு வரும், அவ்வளவுதான். காணிக்கை மேசையில் கிட்டாரைப் பார்த்ததும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே தோட்டத்தின் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் இளையதம்பியிடம் போனார்.

“ஐயா, எனக்காக ஏலத்துல ஒண்ணு கேக்கணும்ங்க.”

யாழ்ப்பாணத்தில் பிறந்து குருவிமலையில் தலை நரைத்தவர் இளையதம்பி. “பயப்பிடாதை இராயப்பன். நான் ஒண்டைப் பிடிச்சா விடமாட்டன், உனக்குத் தெரியும்தானே,” என்றார்.

எனக்கும் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

*

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் மரியசூசைக்கு ஏலம் கூறுவது என்றால் கொள்ளைப் பிரியம். சேவலை விற்றார். அவரைக்காயை விற்றார். பலாப்பழத்தைத் தட்டிக் காட்டி விற்றார். பிறகு கிட்டாரைத் தூக்கினார்.

“நம்ம இராயப்பன் மகன் ரொஷானோட கிட்டாரு. அன்னம்மா தாயார் காணிக்கை. கேக்கிறவங்க கேக்கலாம்!”

அலவி கேட்டார். உடனே இளையதம்பி ஒரு படி ஏற்றினார். பின்னாலிருந்து ஸரூக் இரண்டு படி ஏற்றினான். அலவி திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டு இன்னும் ஏற்றினார்.

சேவலின் விலையை எப்போதோ தாண்டியாயிற்று. ஆட்டின் விலையைத் தாண்டியது. கூட்டம் வாயைப் பிளந்தது. பலாப்பழம் வாங்கியவர்கள்கூடத் தூக்கிய பழத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்தக் கிளாக்கர் ஐயாவுக்கு எதுக்குடி கிட்டாரு?” என்று றீட்டா பல்லைக் கடித்தார். “வாசிக்கவா போறாரு? பல்லுசெட்ட மாட்டவே கை நடுங்குது.”

அந்தப் பக்கம் இராயப்பன் ரொஷானின் காதில், “யாருடா அது பின்னால, ஒன் கூட்டாளி மாதிரியே இருக்கான். துரோகி,” என்றார்.

இருவருக்கும் நடுவில் நின்ற ஜெசிந்தினி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் சொல்ல முடியுமா? சொன்னால் எல்லாம் போச்சே! சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பையும் பயத்தையும் ஒன்றாக அடக்கினாள்.

ஏலம் மாட்டின் விலையை நெருங்கியபோது இளையதம்பி கையைத் தூக்கி நிறுத்தினார். “பொறுங்கோ, பொறுங்கோ. இவ்வளவு விலைக்குப் போற சாமான். சத்தம் வருமோ எண்டு பாக்காமல் எப்பிடி? ஆராவது வாசிச்சுக் காட்டுங்கோ.”

“அதானே!” என்றது கூட்டம். அதை வாசிக்க அங்கே ஒருவன்தான் இருந்தான்.

ரொஷான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, காணிக்கை மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்தான். மின்சாரம் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. முதலில் அன்னம்மாள் பாட்டைத்தான் எடுத்தான். பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். அப்புறம் பாட்டு மெல்ல வழி தவறியது. பலகையில் முட்டி விழுந்தது. மூன்று தட்டு ஒழுங்காக விழும், நாலாவது கொஞ்சம் பிந்தி, நொண்டி விழும். மறுபடி மூன்று, மறுபடி நொண்டல். அதன் மேல் விரல்கள் ஓடின. எடுக்கச் சொன்ன மோதிர விரலும் ஓடியது.

இராயப்பனின் முகம் மாறியது.

“இது... இது மூணாம் நம்பர் ரோலருல்ல?”

தொழிற்சாலை ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமாம், அந்த மெஷின்தான். மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றி நாலாவதில் நொண்டும். அந்தச் சத்தத்தில் வேலை செய்யாதவர்கள் அவர்களில் யாரும் இல்லை. தன் விரலைத் தின்னப் பார்த்த மெஷினைத்தான் இந்தப் பையன் பாட்டாக்கி ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பாவுக்கு அது இன்றுதான் தெரிகிறது. இராயப்பன் அழுதார். அத்தனை பேர் முன்னாலும், துண்டால் முகத்தைக்கூட மூடாமல் அழுதார்.

பாட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் இராயப்பன் பாய்ந்து முன்னால் வந்தார்.

“ஐயா, விட்டுராதீங்க! கூடக் கேளுங்க! என் புள்ள கிட்டாரு ஐயா அது, எவ்வளவானாலும் நான் தர்றேன்!”

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். “இராயப்பன், அப்ப ஐயா கேட்டது ஒனக்காகவா?”

“அட பாவி மனுசா!” றீட்டா தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான் அலவி நானாகிட்ட சொல்லியிருந்தேனே! நமக்கு நாமளே வெல ஏத்திக்கிட்டோமா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்தினார். இனிப் பொத்தி என்ன பயன்?

உபதேசியார் ஸரூக்கின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்களாவது உங்களுக்காகத்தான கேட்டீங்க?”

ஸரூக் ரொஷானைப் பார்த்தான். ரொஷான் ஆமாம் என்று சொல்லுடா என்பதுபோல் தலையை ஆட்டினான். ஸரூக் பெருமூச்சு விட்டான். “பள்ளியாகட்டும் கோயிலாகட்டும், அல்லாஹ்ட வீட்டுல நிண்டு பொய் சொல்ல ஏலாது மச்சான். மன்னிச்சிக்க.”

கூட்டம் சிரித்த சிரிப்பு கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். உபதேசியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார். ஆனால் கிட்டாரை வாங்கி மறுபடி மாலையைப் போட்டுவிட்டார். வழக்கம் வழக்கம்தான். அடுத்த திருவிழா வரைக்கும் கிட்டார் அன்னம்மாளுடையது.

*

சிரிப்பு அடங்கியதும் றீட்டா உடைந்துபோனார். “கடனத் தீக்கப் போயி ஒன் பொழப்பையே தீத்துட்டேனே ராசா.”

“விடும்மா,” என்றான் ரொஷான். விட முடியாது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. கச்சேரிக்கு இன்னும் அரை நாள்கூட இல்லை.

ஜெசிந்தினி மட்டும் உபதேசியார் முன்னால் போய் நின்றாள். “ஒரு சந்தேகம்ங்க. கிட்டார் கோயில விட்டுப் போகக் கூடாது. கோயில் வளவுல வச்சு வாசிக்கலாமா?”

“தாராளமா. அன்னம்மாளுக்குச் சந்தோசம்தான்.”

“கேக்கிறவங்க வெளியூர்லேர்ந்து வரலாமா?”

“திருவிழாவுக்கு வர்றவங்கள வேணாம்னு சொல்லுவாங்களா புள்ள?”

“ஸரூக் அண்ணே,” என்று ஜெசிந்தினி திரும்பினாள், “வேனத் திருப்புங்க. கச்சேரி இங்க. எல்லக்குப் போய் ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க.”

ரொஷானுக்குத் தலை சுற்றியது. “ஹோட்டல் ஆளுங்க கேக்க மாட்டாங்கடி. வெள்ளைக்காரங்க அவ்வளவு தூரம் இந்த ரோட்டுல வர்றதுக்கு என்ன பைத்தியமா?”

“ரெண்டு மணித்தியாலம் மலை ஏறி ஒரு பாறையப் பாத்திட்டு வாற ஆக்கள் மச்சான் அவங்க,” என்றான் ஸரூக், சாவியைச் சுழற்றிக்கொண்டு. “வருவாங்க. நீ ஆம்பிளிஃபயருக்கு வழியப் பாரு.”

“நோர்வேக்கார அம்மாவையும் கூட்டிட்டு வாங்க தம்பி,” என்றார் றீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “யுத்த காலத்துல சமாதானம் பேச வந்தவங்கதான?”

“இல்லம்மா, இவங்க சங்கீதம் கேக்க வந்தவங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான். கூட்டிட்டு வாங்க.”

*

பொழுது சாய்ந்தது. திருவிழா ஜெனரேட்டர் ஓடியது. கலர் பல்புகளுக்குக் கீழே பெஞ்சுகளை ஆட்கள் திருப்பிப் போட்டார்கள். இளையதம்பி முதல் வரிசையில் இடம் பிடித்தாயிற்று. அலவி கடையிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை அனுப்பியிருந்தார். வேன்தான் வரவில்லை. பனி வந்தது, இருட்டு வந்தது, வேன் வரவில்லை.

ரொஷான் மேசையோரம் கிட்டாரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். இராயப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மகனின் இடது கையை எடுத்து, அந்த மோதிர விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“குளுருல வலிக்குமா?”

“இல்லப்பா. கொஞ்சம் வெறைக்கும். வாசிச்சா சரியாப் போயிரும்.”

“அப்ப வாசி. யாராச்சும் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அந்த ரோலரு பாட்ட இன்னொரு தடவ எனக்கு வாசி.”

எட்டு வருஷத்தில் அப்பா அவனிடம் கேட்ட முதல் பாட்டு அது. ரொஷான் கிட்டாரை நிமிர்த்திப் பிடித்தான். தலையைக் குனிந்துகொண்டு பலகையைத் தட்டினான். மூன்று ஒழுங்காக, நாலாவது நொண்டலாக. இராயப்பன் முழங்காலில் தாளம் போட்டார். ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. எப்படித் தவறும், வாழ்நாள் பூராவும் கேட்ட மெஷின் ஆயிற்றே.

கோயிலுக்குப் பின்னால் றீட்டா அடுப்பு மூட்டியிருந்தார். விருந்தாளிகள் வந்தால் சோறு போடாமல் அனுப்ப முடியுமா? காலையில் கிட்டார் பெட்டியில் படுத்திருந்த பூசணிக்காய்தான் பெரிய சட்டியில் கறியாக வெந்துகொண்டிருந்தது.

கீழே வளைவில் ஹார்ன் சத்தம். ஸரூக்கின் வேன்தான். ஜெசிந்தினி மதிலில் ஏறி எட்டிப் பார்த்தாள். வேனுக்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம் திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஒரு பஸ்.

“அம்மா! நிறைய வாகனம் வருது!”

“அந்த அம்மா இருக்காங்களாடி?”

“இருட்டுல எப்படிம்மா தெரியும்?”

றீட்டா வந்து எட்டிப் பார்த்தார். வெளிச்சங்கள் மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. திரும்பிப்போய்ச் சட்டியைப் பார்த்தார்.

“ஜெசி, ஓடு! அலவி நானாகிட்ட சொல்லி இன்னொரு பூசணிக்காய் வாங்கிட்டு வா!”